மதுரையில் வண்டி மாறும் இடங்கள்: ஒரு வாரப் பயணக் குறிப்பு

திங்கள் – மாசி வீதிகள்

மதுரையின் போக்குவரத்தைப் பார்க்க வருகிறவர்கள் மேம்பாலத்தில் தொடங்குவது வழக்கம். கீழமாசி வீதியில், இரவு கடையடைக்கும் நேரத்தில் தொடங்குவது நல்லது. ஊரின் பணம் எப்படி நகர்கிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள். மாசி வீதி தேர் ஓடும் வீதி. அதனால் அகலம் தப்பித்தது. அதற்கு வெளியே இருந்த கோட்டைச் சுவரை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கவைத்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடம் என்று ஏற்பாடு. அப்படி வந்தவைதான் வெளி வீதிகளும், வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில் நிற்கும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிகளும். சுவர் நின்ற இடத்தில் தெரு வந்ததால்தான் 1875-இல் திருச்சியிலிருந்து வந்த ரயிலுக்கும் பழைய ஊருக்கும் நடுவே தடை இல்லாமல் போனது. ஜங்ஷனில் இறங்கி மேலமாசி வீதிக்கு நடந்தே போய்விடலாம். பிற்காலத்தில் மதுரையில் போட்ட எந்த இணைப்பும் இவ்வளவு நெருக்கமாக அமையவில்லை.

கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்தின் இடம். பெரிய லாரி பகலில் உள்ளே வர முடியாது. வெளியே சரக்கை இறக்கி, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி, கடை வாசலில் மறுபடி இறக்க வேண்டும். 9 டன் சரக்கு என்றால் 50 கிலோ மூட்டையாக 180 மூட்டை. குட்டியானை ஒன்றில் முறைப்படி ஏற்றக்கூடியது முக்கால் டன், அதாவது 15 மூட்டை. ஆக 12 நடை. ஒரு நடைக்கு அரை மணி என்றால் 6 மணி நேரம். கடை வாசலில் டூவீலர்களை வரிசையாக நிறுத்திவிட்டால் அதே நடை முக்கால் மணியாகும். 9 மணி நேர வேலை. வண்டி வாடகை ஏறும், லோடுமேன் கூலி ஏறும், இரண்டும் பருப்பு விலையில் உட்காரும். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து மதுரைக்கு வரும் செலவை நான்குவழிச் சாலை குறைத்திருக்கலாம். கடைசி ஒரு கிலோமீட்டரில் அது கரைந்துவிடுகிறது.

சந்தையை ஊருக்கு வெளியே தள்ளிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மளிகை, ஜவுளி, நகை, பாத்திரம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருப்பதால்தான் சுற்றுக் கிராமத்துக் கடைக்காரர் ஒரே பஸ் டிக்கெட்டில் வந்து எல்லாக் கொள்முதலையும் முடித்துவிட்டுப் போகிறார். தேவைப்படுவது வேறு: ஒவ்வொரு மாசி வீதியிலும் சரக்கு இறக்க மட்டும் என்று 15 மீட்டர் இடம், அதில் வேறு வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், குறித்த நேரம்.

செவ்வாய் – பெரியார், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம்

மதுரையில் முக்கியமான பஸ் நிலையங்கள் மூன்று என்பது புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். சென்னை, திருச்சி, ராமேஸ்வரம், திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி என்றால் மாட்டுத்தாவணி. தேனி, கம்பம், திண்டுக்கல், பழனி, கோவை, ஈரோடு என்றால் ஆரப்பாளையம். டவுன் பஸ்ஸுக்குப் பெரியார். மூன்றும் மூன்று மூலையில். பெரியாரிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாம். மாட்டுத்தாவணி ஸ்டேஷனிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர்.

1999 வரை வெளியூர் பஸ்கள் ஊருக்குள் பல இடங்களில் நின்றன. தெற்கே போகிறவை பழங்காநத்தத்தில், வேறு சில அண்ணா பஸ் நிலையத்தில். தெருக்கள் திணறின, எல்லாவற்றையும் சேர்த்து மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோனார்கள். பஸ்களுக்கு அது சரியான முடிவு. இறங்கும் பயணிக்கு அடுத்த வண்டி என்ன என்ற கேள்விக்கு மட்டும் அப்போது பாதி விடைதான் கிடைத்தது. தெற்கிலிருந்து வரும் பஸ் ரிங் ரோட்டில் ஊரைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கில் வந்து நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ போக வேண்டியவர் அங்கிருந்து மறுபடி ஊருக்குள் வர வேண்டும். அந்த இடைவெளியை ஷேர் ஆட்டோ நிரப்பியது. நிலமும் அதைப் பின்தொடர்ந்தது: மாட்டுத்தாவணியைச் சுற்றிக் காய்கறி மார்க்கெட், பூ மார்க்கெட், பழ மார்க்கெட், லாட்ஜுகள், அதற்கு அப்பால் மேலூர் சாலையில் 2004-இல் வந்த உயர் நீதிமன்றக் கிளை. பஸ் நிலையம் போன திசையில் ஊர் வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

டவுன் பஸ் விஷயத்தில் எல்லோரும் கேட்பது "ஏன் பஸ் வரமாட்டேங்குது?" என்பதுதான். கணக்கு இப்படி. ஒரு தடத்தில் போய்வர, இரண்டு முனையிலும் நிற்கும் நேரத்தையும் சேர்த்து 80 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 8 பஸ் போதும். நெரிசலில் அந்த 80 நிமிடம் 100 ஆகிறது. அதே இடைவெளியைக் காப்பாற்ற இப்போது 10 பஸ் வேண்டும். 8 பஸ்தான் இருக்கிறது என்றால் இடைவெளி பன்னிரண்டரை நிமிடமாகும். 16 மணி நேர ஓட்டத்தில் 12 நடை போன பஸ் ஒன்பதரை நடையோடு நின்றுவிடும். டிப்போவில் ஒரு பஸ்கூடக் குறையவில்லை, ஓட்டுநர் சம்பளமும் குறையவில்லை. ஊருக்குக் கிடைத்த சேவையில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. புது பஸ் வாங்குவதற்கு முன்னால், சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் பஸ் இழக்கும் நிமிடங்களை மீட்பது மலிவு.

அடுத்த கோளாறு, இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வருவது. முன்னால் போகிற பஸ் 3 நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆள் நிற்பார்கள். ஏற நேரம் பிடிக்கும், இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். முன்பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறார்கள், பின்பஸ் காலி. இதற்கு நேரக்காப்பாளர் பெரியாரில் மட்டும் இருந்தால் போதாது. தடத்தின் நடுவில் ஓரிடத்தில் பின்பஸ்ஸை 2 நிமிடம் நிறுத்திவைக்க ஒருவருக்கு அதிகாரம் வேண்டும்.

இந்த ஊரின் பஸ் வரலாறும் சின்னதல்ல. டி.வி.எஸ். குழுமம் மதுரையில் வேரூன்றியது பஸ் தொழிலில்தான். 1972-இல் அரசு எடுத்துக்கொண்டபோது அந்த பஸ்களும் பணிமனைப் பழக்கங்களும் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்கு வந்தன. ஒர்க்ஷாப், டயர், ஸ்பேர் பார்ட்ஸ், பாடி கட்டும் பட்டறை என்று ஊரில் ஒரு தொழில் வட்டமே அதைச் சுற்றி இருக்கிறது.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் பூஜ்ய மதிப்பில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அதை வாங்காமல் இருந்துவிடக் கூடாது. எந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்ற கணக்கு அந்த டிக்கெட்டில்தான் இருக்கிறது. அரசு கழகத்துக்குத் தரும் ஈடும் அதை வைத்துத்தான். திருப்பரங்குன்றத்திலிருந்து ஜவுளிக்கடை வேலைக்கு வருகிறவருக்கு பஸ் காசு கணிசமான செலவு. அது போனபின் இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் நல்ல சம்பளத்துக்கு அவர் மாற முடிகிறது. தொழிலாளி எட்டக்கூடிய வேலைகளின் வட்டம் பெரிதாவதைத்தான் நாங்கள் வளர்ச்சி என்கிறோம்.

புதன் – பூ மார்க்கெட்

விடியும் முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு மொட்டு பறிக்கிறார்கள். மல்லிகை மொட்டு அன்று மாலையே விரிந்துவிடும். பறித்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஈரத்துணி போர்த்திய சாக்கில் அல்லது கூடையில் பஸ்ஸிலோ வேனிலோ டூவீலரிலோ வந்து கமிஷன் கடையில் தராசில் ஏறும்.

ஒரு சாக்கின் அடியில் கைவிட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மேலே இருக்கும் மொட்டு குளிர்ந்து, வெளுப்பாக, இறுக்கமாக இருக்கிறது. அடியில் உள்ளது வெதுவெதுப்பாக, காம்பு பழுப்பேறி இருக்கிறது. பறித்த பிறகும் மொட்டு மூச்சு விடுகிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் அமுக்கிக் கட்டியதால் வந்த சேதம். வழியில் வண்டி அரை மணி நின்றால் முதலில் கெடுவது இந்த அடிப்பாகம். வெளியூர் வியாபாரிகள் முதல் பஸ்ஸையும் ரயிலையும் பிடிக்க அவசரப்படுவார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போனபின் வந்த சரக்குக்கு விலை இறங்கிவிடும். மார்கழி, தை மாதப் பனியில் மொட்டு குறையும்போது கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போது ஒரு கிலோ கெட்டாலும் ஒரு நாள் கூலியைவிடப் பெரிய நஷ்டம்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகும் பூவைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பையோடு அடுக்கி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் ஏற்றுகிறார்கள். மதுரை விமான நிலைய ஓடுபாதை 2,286 மீட்டர். அகலமான உடல் கொண்ட பெரிய விமானங்கள் முழு எடையோடு கிளம்ப அது போதாது. சின்ன விமானத்தில் பயணிகளின் பெட்டி போக மிச்சம் இருக்கும் இடம்தான் சரக்குக்கு. ஓடுபாதையை நீட்ட வேண்டுமானால் குறுக்கே போகும் ரிங் ரோட்டைக் கீழே இறக்க வேண்டும். மல்லிகை, ஓடுபாதை, ரிங் ரோடு மூன்றும் ஒரே முடிச்சு.

வியாழன் – போடி ரயில்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் 90 கிலோமீட்டர். ஏலக்காயும் மற்ற மலைச்சரக்கும் இறங்கும் ஊருக்கு 1928-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு திரும்பப் போட்டார்கள். அகலப்பாதையாக மாற்ற 2010 முடிவில் நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடி வரை 2023 ஜூன் மாதம்.

மீட்டர் கேஜ் தண்டவாளத்தை 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டராக நகர்த்திப் போடுவது மட்டும் வேலையல்ல. பழைய கரை அகலம் போதாது, இரு பக்கமும் மண் அணைத்து இறுக்க வேண்டும். பாலங்களைக் கனமான அச்சுக்குப் புதிதாகக் கட்ட வேண்டும். வளைவுகளை நீட்ட வேண்டும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்த பழைய வழி குறுகல். அங்கே வெட்டி அகலப்படுத்திய பாறை முகத்தை வண்டியிலிருந்தே பார்க்கலாம். இடது பக்கம், வலது பக்கம் இரண்டு ஜன்னலிலும் கை நீட்டும் தூரத்தில் கல்.

இத்தனை வருடம் நிறுத்தியதன் விலை கட்டுமானச் செலவில் தெரியாது. ஒரு தலைமுறை மாணவர்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். ரயிலடியை ஒட்டிய சரக்கு வேலை லாரி செட்டுக்குப் போய்விட்டது. பாதை திரும்பி வந்தாலும் பழக்கம் அதே வேகத்தில் திரும்பாது.

இப்போதைய முக்கியக் குறை நேரம்தான். தினசரி பாசஞ்சர் காலையில் மதுரையிலிருந்து கிளம்புகிறது, மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. தேனிக்காரர், உசிலம்பட்டிக்காரர் மதுரைக்குப் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ வருவது காலையில். அவர்களுக்கு இது எதிர்த்திசை. வழியில் வடபழஞ்சியில் ஸ்டேஷன் இருக்கிறது, அந்தப் பகுதியில் ஐ.டி. பூங்காவும் இருக்கிறது, ஸ்டேஷன் வாசலில் வேலை நேரத்துக்கு ஒரு மினிபஸ் காத்திருந்தால்தான் அந்த ரயில் அங்கே பயன்படும். அதே பெட்டிகளை இரவு போடியில் நிறுத்தி விடியலில் கிளப்பினால் இந்த எதிர்த்திசைச் சிக்கல் பெருமளவு தீரும். அதற்கு ஓட்டுநரும் கார்டும் தங்க அறை, பெட்டி கழுவத் தண்ணீர், சின்னப் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டி ஒதுங்கும் ஸ்டேஷன் எது என்பதையும் நேரத்தோடு சேர்த்தே குறிக்க வேண்டும்.

வெள்ளி – கோரிப்பாளையம்

1889-இல் ஏ.வி. பாலம் திறந்ததிலிருந்து வைகையின் வடகரையும் தென்கரையும் ஒரே ஊராகின. அன்று முதல் வடகரைச் சாலைகள் எல்லாம் கோரிப்பாளையத்தில் வந்து முடிந்துகொள்கின்றன: அழகர்கோவில் சாலை, நத்தம் சாலை, பனகல் சாலை, செல்லூர் பக்கம். ராஜாஜி ஆஸ்பத்திரியும் பக்கத்திலேயே.

சந்திப்பில் வண்டி எண்ணுகிறவர்கள் தலைக்கு ஒன்று என்று எண்ணுவதில்லை, காரை ஓர் அலகாக வைத்து மற்றதை மாற்றுவார்கள். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலை மாநாட்டின் நகரச் சாலைக் கணக்கில், அந்தந்த வண்டி மொத்தத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் டூவீலர் 0.75, கார் 1, ஆட்டோ 2, பஸ் 3.7, கைவண்டி 3. பஸ்ஸின் பங்கு குறைவாக இருந்தால் அதன் மதிப்பு 2.2 வரை இறங்கும். கடுமையான 3.7-ஐயே எடுத்துக்கொள்வோம். 50 பேர் இருக்கும் பஸ் ஓர் அலகு இடத்துக்கு 13 பேரைக் கடத்துகிறது. 2 பேர் போகும் கார், 2 பேர்தான். ஒன்றரைப் பேர் என்ற சராசரியில் டூவீலரும் 2 பேர்தான். 3 பேர் ஏற்றிய ஆட்டோ ஒன்றரைப் பேர். வண்டி எத்தனை கடந்தது என்று பார்த்தால் ஒரு முடிவு வரும், ஆள் எத்தனை பேர் கடந்தார்கள் என்று பார்த்தால் வேறு முடிவு வரும். பஸ்ஸுக்கு 10 விநாடி பச்சை கூடுதலாகக் கொடுப்பது சலுகை அல்ல என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

பஸ் நிறுத்தம் சந்திப்பிலிருந்து குறைந்தது 75 மீட்டர் தள்ளி, முடிந்தவரை சந்திப்பைக் கடந்தபின் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். சிக்னலுக்கு முன்னால் ஆளை ஏற்றினால் ஒரு பஸ் இடது வரிசை முழுவதையும் அடைத்துவிடும், பச்சை வீணாகும்.

நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தது. அதன் தொடர்ச்சியாக 24.4 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையும். ஊமச்சிகுளம் பக்கத்து நிலத்துக்கு அதனால் வந்த மாற்றத்தை இருபக்கமும் எழும் கட்டிடங்களில் பார்க்கலாம். வேகமாக வந்தவர்கள் பெரும்பாலும் இறங்குவது தல்லாகுளத்தில். பாலம் திறந்தபோது, அங்கிருந்து ஆறு தாண்ட வேண்டும் என்றால் பழைய வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. பாலத்தின் மேல் டவுன் பஸ்ஸுக்கு நிறுத்தம் கிடையாது. நாராயணபுரம், ஐயர் பங்களா, திருப்பாலைக்காரர்கள் கீழேதான் காத்திருக்கிறார்கள், ஆகவே கீழ்ச்சாலையின் நடைபாதையையும் நிழற்குடையையும் யாரும் மறந்துவிடக் கூடாது.

திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை என்ற வரம்பு காரணம். எடுத்துக்கொண்டது 2011 கணக்கெடுப்பு. அந்த வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். இந்த வழித்தடத்தில் பஸ் நேரத்தைச் சீராக்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சனி – ரிங் ரோடு, கப்பலூர், கூடல்நகர்

ரிங் ரோடு சுமார் 27 கிலோமீட்டர். மாநகராட்சியே கடன் வாங்கிப் போட்டு, சுங்கம் வசூலித்து, 2001-இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது. உள்ளூர் அமைப்பு தன் சாலைக்குத் தானே பணம் திரட்டிய அரிய உதாரணம், பாராட்ட வேண்டும். சாலை வந்ததும் இருபுறமும் மண்டபம், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க். ஒவ்வொன்றும் நேரடியாக ரிங் ரோட்டிலேயே வாசல் வைத்தது. லாரி 70-இல் வரும், மண்டபத்திலிருந்து ஸ்கூட்டர் திடீரென்று ஏறும். புறவழியாகப் போட்ட சாலை ஊர்த் தெருவாக மாறுவது இப்படித்தான். மனைக்கு அனுமதி கொடுக்கும்போதே சர்வீஸ் சாலைக்கு இடம் எடுத்திருக்க வேண்டும். இப்போது எடுப்பதற்குப் பல மடங்கு விலை.

கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை, அதை ஒட்டியே சுங்கச்சாவடி. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது 2008 கட்டண விதி, தனிக்காரணம் எழுதினால் 5. திருமங்கலத்துக்காரர்கள் வருடக்கணக்கில் போராடுவது இதை வைத்துத்தான். பட்டறை வண்டி பக்கத்து ஊருக்குப் போய்வரச் சுங்கம் கட்டினால் அந்தச் செலவு உதிரிபாகத்தின் விலையில் ஏறும்.

அதிக பாரம் பற்றி ஒரே ஒரு கணக்கு: தார்ச்சாலைக்கு வரும் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 10 சதவீதம் கூடுதல் ஏற்றினால் சேதம் 46 சதவீதம் கூடும், 20 சதவீதம் ஏற்றினால் இரு மடங்கைத் தாண்டும். லாரிக்காரருக்குக் கிடைப்பது ஒரு நடை மிச்சம். செலவு நெடுஞ்சாலைத் துறைக்கு.

ரயில் சரக்கில் மதுரைக் கோட்டத்துக்கு நல்ல வேலை இருக்கிறது. வாடிப்பட்டியிலிருந்து டிராக்டர்கள் வடமாநிலங்களுக்குப் போகின்றன, பயணிகள் சேவையிலிருந்து விலக்கிய பழைய ரயில் பெட்டிகளை மாற்றிச் செய்த வண்டியில். கூடல்நகரில் சரக்குக் கூடம். 42 மூடு வேகன் கொண்ட ரேக், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில், சுமார் 2,600 டன். லாரிக்கு 10 டன் என்றால் 260 லாரி. 9 மணி நேரத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு லாரி வெளியேற வேண்டும். கூடத்து வாசலில் லாரிகள் இரண்டு வரிசையாக நிற்க இடம், மழையில் மூட்டை நனையாமல் கூரை, இரவுக்கு விளக்கு, லோடுமேன்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் இருந்தால் இது நடக்கும். வாசலில் ஒரு லாரி பஞ்சராகி நின்றால் வரிசை அப்படியே உறையும், தாமதக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். அந்த ரேக்கில் வந்தது உரம் என்றால், கட்டணத்தைக் கடைசியில் கட்டுவது மேலூர் விவசாயி.